சத்திரத்தின் பின்சுவர்

லூர்தம்மாள் இருக்கும் இடத்தில் பகலில் யாரும் சத்தம் போடக் கூடாது. எங்கள் ஊரில் பஞ்சாயத்து போட்ட தீர்மானங்கள் எதுவும் நடந்ததில்லை, இது மட்டும் நடக்கிறது. மீன்காரர் சத்திரத்து முனை வந்ததும் கூவுவதை நிறுத்திவிடுவார். கோவில் ஒலிபெருக்கியை ஏரிப் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லிச் சண்டை போட்டு ஜெயித்தவள் அவள். நான் குடிதண்ணீர் கேன் போடுகிறவன். கேனைத் தரையில் உருட்டினால் எனக்கும் திட்டு விழும். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, அதே சத்திரம் பள்ளிக்கூடமாக இருந்தபோது ஐந்தாம் வகுப்பு வரை ஒன்றாகப் படித்தோம் என்பதெல்லாம் அவளிடம் செல்லாது.

"பகலவா, தூக்கி வெய்யி. உருட்டினா அப்படியே திரும்பிப் போய்டு."

இப்போது ஹாஸ்டலாக இருக்கும் அந்தச் சத்திரத்துக்குள் தூங்குகிறவர்கள் தென்காசிப் பக்கத்துப் பெண்கள், ஏழு பேர். ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் பின்னும் கம்பெனியில் அவர்களுக்கு எப்போதும் நைட் ஷிப்ட். காலையில் பஸ் கொண்டுவந்து இறக்கும். லூர்தம்மாள் போடும் இட்லியைப் பாதிக் கண் மூடிக்கொண்டு தின்றுவிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார்கள்.

லூர்தம்மாளுக்குத் தூக்கத்தின் அருமை தெரியும். படப்பையில் வாழ்க்கைப்பட்டு, புருஷனை லாரிக்குப் பறிகொடுத்து, கைக்குழந்தையோடு திரும்பி வந்தவள். ஒரு செருப்புக் கம்பெனியில் இரவு வேலை பார்த்தாள். பகலில் குழந்தை தூங்கவிடாது. ஒரு நாள் நின்றபடியே கண் அசந்ததில் வலது கை நடுவிரலின் நுனியை மெஷின் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு கேன்டீனில் பாத்திரம், அப்புறம் ஆபீஸ் கூட்டுதல், கடைசியில் இந்த ஹாஸ்டல். சமையலும் அவள்தான், காவலும் அவள்தான். மகன் ஓசூரில் வேலையில் இருக்கிறான், வா வா என்று கூப்பிடுகிறான். போகமாட்டேன் என்கிறாள். இந்தப் பெண்களை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசில்லை, விஷயம் அவ்வளவுதான்.

இனி சத்திரத்தைச் சொல்ல வேண்டும். கேமராவைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறவர்கள் அதைப் பார்த்து ஆகா ஓகோ என்பார்கள். அவர்கள் பார்ப்பது முன்பக்கத்தை. கும்பினி காலத்தில் வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்த்த யாரோ ஒரு துபாஷி, காஞ்சிபுரத்துக்குக் கருடசேவை பார்க்கப் போகிறவர்கள் தங்குவதற்காகக் கட்டியது என்று ஊரில் சொல்வார்கள். முன்னால் நான்கு கருங்கல் தூண்கள். ஆளுயரத்துக்கு மேல் இரட்டைக் கதவு. உள்ளே நீளமான கூடம். மேலே மச்சு: சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரங்கள், அவற்றின் மேல் குறுக்கே நெருக்கமாக நிறுத்தி வைத்த செங்கல், அதன் மேல் சுண்ணாம்பும் ஜல்லியும், எல்லாவற்றுக்கும் மேல் தட்டையாகப் பதித்த ஓடு. மழைத் தண்ணீர் போகக் கிழக்குப் பக்கம் இரண்டு கல் தூம்புகள். சுவர் இரண்டு முழம் கனம். ஜன்னல்கள் உயரமானவை, கட்டைவிரல் பருமனில் நெட்டுக் கம்பிகள். கூடத்துக்குப் பின்னால் மடைப்பள்ளி. அதற்கு வெளியே போக வாசல் கிடையாது. சமைக்கும்போது வெளியாள் கண் படக் கூடாதாம், அதனால் வைக்கவில்லையாம்.

வாசல் வைக்காதவர்கள் துளை வைத்தார்கள். மடைப்பள்ளியின் பின்சுவரில், முழங்கால் உயரத்தில், வளைவு எடுத்து ஒரு திறப்பு. அதன் வழியாக ஒரு கல் மடை வெளியே நீட்டிக்கொண்டிருந்ததாம். தாது வருஷப் பஞ்சத்தில் இந்தச் சத்திரத்தில் கஞ்சி ஊற்றினார்கள். கூடத்துக்குள் உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிட ஒரு சாதி. முன்னால் தூணுக்கு வெளியே நின்று பட்டைச் சோறு வாங்க எங்கள் தெரு. எங்கள் ஆட்கள் அதையே பெரிய மரியாதை என்று மூன்று தலைமுறை பேசினார்கள், கேட்டால் எரிச்சலாக வரும். லூர்தம்மாளின் காலனி ஜனங்களுக்குப் பின்பக்கம். உள்ளேயிருந்து கஞ்சியை மடையில் ஊற்றுவார்கள். இவர்கள் குனிந்து சட்டியை நீட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். கொடுக்கிறவன் முகம் தெரியாது, வாங்குகிறவன் முகமும் தெரியாது.

பிறகு சத்திரம் பள்ளிக்கூடமாயிற்று. பிள்ளைகள் துளை வழியாக ஓடிப்போகிறார்கள் என்று மடைக் கல்லைப் பெயர்த்து எடுத்துவிட்டு, ஒற்றைச் செங்கல் கனத்துக்குச் சுவர் வைத்து அடைத்தார்கள். நாங்கள் படித்தபோது அந்த இடத்தில் தட்டினால் டொக்கென்று வேறு மாதிரி கேட்கும். தட்டிவிட்டு லூர்தம்மாளைப் பார்த்து "உங்க வாசல்" என்று பையன்கள் சிரிப்பார்கள். அவள் ஒருவனைப் பலகையால் மண்டையில் அடித்தாள். பள்ளிக்கூடம் போய் ரேஷன் கடை வந்தது, புயலுக்கு ஜனங்கள் ஒதுங்கினார்கள், ஓட்டுப் பெட்டி வைத்தார்கள், கொஞ்ச நாள் நெல் மூட்டை, கொஞ்ச நாள் ஆடு. இப்போது ஹாஸ்டல். இத்தனை காலத்தில் ஒரு தடவைகூட லூர்தம்மாள் அந்தப் பின்சுவர்ப் பக்கம் போனதில்லை. பாத்திரம் கழுவ அங்கே தொட்டி கட்டித் தருகிறேன் என்று நரசிம்மன் சொன்னபோதும் மாட்டேன் என்றுவிட்டாள். நரசிம்மன்தான் தருமகர்த்தா குடும்பத்திடமிருந்து சத்திரத்தைக் குத்தகைக்கு எடுத்து ஹாஸ்டல் நடத்துகிறவர்.

போன ஐப்பசியில் ஒரு நாள் கேஸ் வாசனை வருகிறது என்று லூர்தம்மாள் பகலில் எல்லாப் பெண்களையும் எழுப்பி வெளியே ஓட்டினாள். கடைசியில் ஒன்றுமில்லை, பக்கத்து வீட்டில் அழுகிய முட்டைக்கோசு. அன்று இரவு கம்பெனி லைனில் உலகம்மாள் என்ற பெண் உட்கார்ந்தபடி தூங்கிவிட, சூப்பர்வைசர் ஒரு வாரம் வேலைக்கு வராதே என்று அனுப்பிவிட்டார். உலகம்மாள் அழுத அழுகையைப் பார்த்து லூர்தம்மாள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. இனிமேல் கூரை இடிந்தாலும் எழுப்பமாட்டேன் என்று அவள் வாயால் சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. கிழக்குப் பக்கம் பெண்கள் குளிப்பதற்கு நரசிம்மன் தகர ஷெட் போட்டிருந்தார், சரியாகத் தூம்புகளுக்குக் கீழே. மச்சுத் தண்ணீர் அவ்வளவும் அந்தத் தகரத்தில் விழுந்து தடதடவென்று அடித்தது.

"ஏ பெரிம்மா, ஒறங்கவே முடியல. மண்டைக்குள்ள கொட்டடிச்ச மாதிரி இருக்கு" என்றாள் மாரிசெல்வி. இருக்கிறவர்களில் சின்னவள்.

"நான் பாத்துக்கிறேன், நீ போய்ப் படு கண்ணு" என்றாள் லூர்தம்மாள்.

பார்த்துக்கொண்டாள். மச்சுக்கு ஏறி இரண்டு தூம்பிலும் கோணிச் சாக்கைச் சுருட்டித் திணித்து, மேலே பாலிதீன் கவரையும் சொருகிவிட்டாள். சத்தம் நின்றுவிட்டது. பெண்கள் தூங்கினார்கள். சாயங்காலம் அவர்கள் பஸ் ஏறியதும் சாக்கை எடுத்துவிடுவது, காலையில் மறுபடி அடைப்பது என்று இரண்டு நாள் செய்தாள். அடுத்த நாள் காலையில் அடைத்துவிட்டு இறங்கியதும் அவளுக்குக் காய்ச்சல். சமைத்துப் போட்டதே பெரிய காரியம், சாயங்காலம் மாடிப்படி ஏறவில்லை. அதற்கடுத்த நாளும் ஏறவில்லை. மழை மட்டும் ஓய்வில்லாமல் கொட்டியது.

நான் கேனோடு போன அன்று மழை விட்டிருந்தது. பெண்கள் படுத்து வெகுநேரமாகிவிட்டது. லூர்தம்மாள் முன்வாசலில் நின்று ஒரு தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத பாரு" என்றாள் மெதுவாக. கூடத்து ஜன்னல் விளிம்பிலிருந்து அவள் கம்பி வழியாக எடுத்த இட்லித் தட்டு. அதில் ஈரமாக வெள்ளைத் தூள் அப்பியிருந்தது. "காலைல தொடச்சி வெச்சது."

"சுண்ணாம்பு. மழைக்கு உதுந்திருக்கும்."

"கதவும் இன்னாவோ மாதிரி கீது. தாப்பா போட்டாலும் ஒரு விரல் சந்து இருக்கும், அது வழியாதான் நான் எட்டிப் பாப்பேன். இன்னிக்குச் சந்தே இல்ல."

நரசிம்மனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது. "பழைய கட்டடம், கொஞ்சம் கொட்டத்தான் செய்யும். அதுங்கள எழுப்பாத லூர்து. போன தடவ பட்டது பத்தாதா?"

போனை வைத்துவிட்டு நின்றாள். எழுப்பலாமா வேண்டாமா என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. எனக்கும் தெரியவில்லை. உலகம்மாள் அழுதது ஞாபகம் வந்தது. அப்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது, பெரிய பெட்டியின் மூடியை யாரோ மெல்லத் திறப்பதைப் போல. லூர்தம்மாள் என்னைப் பார்த்தாள்.

"சாக்கு" என்றாள். "ஐயோ, ஏசுவே, சாக்க எடுக்கலியே!"

அவள் ஓட, எனக்கு ஒன்றும் புரியாமல் நானும் பின்னால் ஓடினேன். வெளிப்படிக்கட்டில் ஏறி மேலே பார்த்தேன். மச்சு முழுக்கக் குளம். கைப்பிடிச் சுவர் வரை தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. நடுவில் ஓடு உள்வாங்கித் தண்ணீர் அங்கே ஒரு சுழியாகத் திரும்பியது. காலை வைத்தால் போச்சு. லூர்தம்மாள் படியில் மண்டியிட்டு, குப்புறச் சாய்ந்து, கிட்ட இருந்த தூம்புக்குள் கையை விட்டுச் சாக்கைப் பிடுங்கினாள்.

தண்ணீர் தகரத்தில் விழுந்த சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

"ஏ பெரிம்மா! தகரம் அடிக்கி!" உள்ளேயிருந்து மாரிசெல்வியின் தூக்கக் கலக்கக் குரல். என் வாழ்நாளில் எந்தக் குரலையும் கேட்டு அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. எழுந்துவிட்டார்கள்.

கீழே ஓடி ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தோம். நடு உத்தரம் ஒன்றின் முனை ஊறி நைந்து, சுவரிலிருந்து கழன்று, வாசல் நிலையின் மேல் வந்து உட்கார்ந்திருந்தது. அதற்கு மேலே இருந்த செங்கல் வரிசை வயிறு தள்ளித் தொங்கியது. சொட்டுச் சொட்டாக வெள்ளைத் தண்ணீர். அதற்கு நேர் கீழே ஏழு பேரும் பாயில் எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அல்லாரும் வெளிய வாங்கடி! மேல பாருங்க! ஓடியாங்க!" என்று கத்தினாள் லூர்தம்மாள். சத்திரத்தில் அவள் கத்தி அதுவரை யாரும் கேட்டதில்லை. அதிலேயே அவர்களுக்குத் தூக்கம் போய்விட்டது.

தாழ்ப்பாளை எடுத்தார்கள். கதவு அசையவில்லை. பாரம் முழுக்க நிலையில் இறங்கிக் கதவைக் கவ்விப் பிடித்திருந்தது. நான் வெளியேயிருந்து தோளால் மோதினேன். உள்ளே பொத்தென்று ஒரு செங்கல் விழுந்தது, பெண்கள் அலறினார்கள். லூர்தம்மாள் என் சட்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளினாள்.

"கதவத் தொடாத! அந்த நெலதான் எல்லாத்தையும் தாங்கிகினு கீது!"

தீயணைப்புக்குப் போன் அடித்தேன். வருகிறோம் என்றார்கள். வருவார்கள்தான். ஆனால் ஒரகடம் ரோட்டில் அந்த நேரத்துக்குக் கன்டெய்னர் லாரிகள் எப்படி நிற்கும் என்று எனக்குத் தெரியும். ஜன்னல் கம்பிகளை ஆட்டிப் பார்த்தேன். யானை கட்டினாலும் தாங்கும். பயத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

"மடப்பள்ளிக்குள்ள போங்க! செவுத்து ஓரமா நில்லுங்க!" என்று ஜன்னலில் கத்திவிட்டு லூர்தம்மாள் என்னிடம் திரும்பினாள். "பின்பக்கம் வா."

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. அவள் ஏற்கெனவே வெளியே இருந்த சமையல் ஷெட்டுக்குள் போய்க் காலி சிலிண்டரைச் சாய்த்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு, முட்புதரை மிதித்துப் பின்சுவருக்குப் போனோம். சுவர் முழுக்கப் பாசி. துளை எங்கே இருந்தது என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். லூர்தம்மாள் தேடவில்லை. நேராகப் போய் விரல் முட்டியால் ஓர் இடத்தில் தட்டினாள். டொக்.

"இங்க."

சிலிண்டரை ஆட்டி மோதினோம். முதல் மோதலில் சுவரே என் எலும்புக்குள் அதிர்ந்தது. நிறுத்திவிட்டுக் காது கொடுத்தோம். உள்ளே ஏதோ சரசரவென்று கொட்டி அடங்கியது. யாரோ தேம்பினார்கள்.

"நிக்கிதா? இன்னொண்ணு போடலாமா?" என்றேன்.

"போடு. போடாட்டியும் வுழும்."

மறுபடி மோதினோம். மறுபடி நின்று கேட்டோம். அந்த நின்று கேட்ட நேரங்களைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பிறகு ஒரு செங்கல் உள்ளே போயிற்று. அந்த ஓட்டையில் உள்ளேயிருந்து விரல்கள் வந்தன. பெண்கள் அவர்களாகவே செங்கல்லைப் பிய்த்துப் போட்டார்கள், நகம் பெயர்ந்தது தெரியாமல். திறப்பு குறுகலானது. ஒல்லியானவர்கள் பாம்பாக நெளிந்து வந்தார்கள். உலகம்மாளுக்குத்தான் இடுப்பு மாட்டிக்கொண்டது.

"என்னால முடியல பெரிம்மா, நா இங்கனயே கெடக்கேன், மத்தவள விடுங்க" என்று அழுதாள்.

"மூடிகினு மூச்ச வுடு! முழு மூச்சையும் வுடுடி!" என்று லூர்தம்மாள் அவள் அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். நைட்டி கிழிந்தது, தோல் உரிந்தது, வெளியே வந்துவிட்டாள்.

ஆறு பேர். மாரிசெல்வியைக் காணோம்.

"செல்வி எங்கடி?"

"கார்டு எடுக்கப் போனா" என்றாள் உலகம்மாள். "ஐடி கார்டு கூடத்துல தொங்குது. அது இல்லாம கேட்டுல விடமாட்டான்லா, அதுக்கு."

லூர்தம்மாள் மண்ணில் விழுந்து, துளைக்குள் தலையையும் இரண்டு கையையும் விட்டாள். இடுப்பு வரை உள்ளே போய்விட்டாள். அவள் கத்தியது சுவருக்குள்ளிருந்து கேட்டது.

"கார்டு நாசமாப் போவட்டும்! வாடி! கைய குடுடி, எங்கைய புடி!"

கூடத்தில் மரம் முறிந்தது. நான் லூர்தம்மாளின் கால் இரண்டையும் பிடித்தேன், உலகம்மாள் என் இடுப்பைப் பிடித்தாள், எல்லாரும் சேர்ந்து இழுத்தோம். லூர்தம்மாள் வெளியே வந்தாள். அவள் கையோடு மாரிசெல்வியின் மணிக்கட்டு வந்தது, தலை வந்தது, பிறகு முழு மாரிசெல்வியும் வந்தாள். இடி மாதிரி ஒரு சத்தம். துளையிலிருந்து சுண்ணாம்புப் புகை எங்கள் முகத்தில் அடித்தது. புகை அடங்கியபோது கூடத்துக்கு மேலே ஆகாயம் தெரிந்தது.

மாரிசெல்வியின் கழுத்தில் கார்டு தொங்கிக்கொண்டிருந்தது. லூர்தம்மாள் அவள் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

நரசிம்மன் வந்தபோது தீயணைப்பு வண்டியும் வந்திருந்தது. மழைதான் காரணம், பழைய கட்டடம் என்று அவர் அதிகாரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். லூர்தம்மாள் எழுந்து போய் நடுவில் நின்றாள்.

"மழ இல்ல சார். தூம்ப அடச்சது நானு."

நரசிம்மன் அவளை முறைத்தார். உலகம்மாள் எழுந்து வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள். "நாங்கதான் ஒறக்கம் வரலன்னு சொன்னோம். அதையும் எழுதிக்கிடுங்க" என்றாள். சாயங்காலம் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தது. யாரும் ஏறவில்லை.

இப்போது சத்திரத்தில் நான்கு தூணும் பின்சுவரும்தான் நிற்கின்றன. பெண்கள் மண்ணூர்ப் பக்கம் நரசிம்மன் பிடித்த வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். லூர்தம்மாளும் அவர்களோடு போய்விட்டாள், பெண்கள்தான் விடவில்லை. நரசிம்மன் புது ஆள் தேடலாம் என்று பார்த்தார், அவள் இல்லையென்றால் நாங்களும் இல்லை என்று ஏழு பேரும் சொல்லிவிட்டார்கள்.

போன வாரம் ஊர்க் கூட்டம் போட்டார்கள். பின்சுவரை இடிக்காமல் வைத்திருக்க வேண்டுமாம். துளைக்கு மேலே கல்வெட்டு பதிக்க வேண்டுமாம். அன்று பசித்தவர்களுக்குக் கஞ்சி கொடுத்த துளை இன்று ஏழு உயிர்களைக் காத்தது, கட்டியவரின் தருமம் இன்றும் நிற்கிறது என்று வாசகம்கூடத் தயார். தருமகர்த்தா வீட்டுக்காரர் அதைப் படித்துக் காட்டினார், நாலு பேர் கை தட்டினார்கள். லூர்தம்மாளையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். மாலை வாங்கி வைத்திருந்தார்கள். நீ இரண்டு வார்த்தை பேசு அம்மா என்றார்கள்.

அவள் எழுந்து நின்றாள். நுனி இல்லாத நடுவிரலைத் தடவிக்கொண்டாள்.

"எங்களுக்குன்னு அன்னிக்கே அங்க ஒரு கதவு வெச்சிருந்தா, எம் பொண்ணுங்க நடந்தே வந்திருக்கும்" என்றாள்.

மாலை அவர்கள் கையிலேயே இருந்தது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, பெண்கள் எழுந்திருக்கும் நேரமாகிவிட்டது, டீ போட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.